உடைமை கைமாறலாம், விரதம் கைமாறாது

 

நம் முன்னோருள் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் உழுதொழில் செய்து வாழ்ந்தவர்கள். நிலம் அவர்களுடையது, பொழுதும் அவர்களுடையது. கதிரவன் மறையுமுன் உண்பதற்கோ, சதுர்த்தசியன்று நோன்பிருப்பதற்கோ அவர்கள் எவருடைய இசைவையும் வேண்டி நிற்கவில்லை. இன்று நம் மக்களுள் பலர் மாத ஊதியத்தை நம்பி, ஆலைகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். ஆகவே முன்னோர் அதிகம் அறியாத ஒரு சோதனை நமக்கு நேர்கின்றது.

பத்து, இருபது ஆண்டுகள் உழைத்த நிறுவனம் ஒரு நாள் கைமாறுகின்றது. பழைய முதலாளி நம் ஒழுக்கத்தையும் வழக்கத்தையும் அறிந்தவர். புதியவருக்கோ நாம் ஊதியப் பட்டியலில் ஒரு பெயர். அவர் வந்த சில வாரங்களில் கோரிக்கைகள் தொடங்குகின்றன. நேரத்தைக் கூட்டுக, வேலையை விட்டு நீக்கப்பட்டவர் பணியையும் சேர்த்துச் செய்க, விடுமுறை நாளிலும் வருக, இந்தத் தாளில் கையொப்பம் இடுக. இத்தகைய கோரிக்கைகளின் முன் ஜைன இல்லறத்தார் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருள்.

பல கைகள் கண்ட ஊர்

திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பாண்டியர், மதுரை நாயக்கர், மைசூரை ஆண்ட ஹைதர் அலி, திப்பு சுல்தான் எனப் பலர் ஆட்சியில் இருந்த அப்பகுதி, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஒரு நாடே ஒரு கம்பெனியின் உடைமையான காலம் அது.

அதே மாவட்டத்தில், பழனிக்கு அருகே, ஐவர்மலை உள்ளது. நம் அறவோர் வாழ்ந்த குன்று அது. சக ஆண்டு 792, அஃதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் திருவுருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. அதன் பின்னர் அந்நிலத்தை ஆண்டவர் எத்தனையோ பேர். ஆண்டவர்கள் மாறினார்கள், கல்லில் எழுதி வைத்த அறம் நின்றது.

நம் காலத்திலும் இக்கைமாற்றம் ஓயவில்லை. கருமுத்து தியாகராசர் 1943ஆம் ஆண்டு மதுரையில் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா, 2001ஆம் ஆண்டு மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தது. 1926ஆம் ஆண்டு கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அவ்விணைப்புக்காக அரசு வகுத்த திட்டத்தில், ஊழியர்கள் அதே ஊதியத்துடனும் அதே நிபந்தனைகளுடனும் பணியில் தொடர்வர் என்பது ஒரு விதியாகவே எழுதப்பட்டது. பெரிய வங்கிகளுக்கே இந்நிலை எனின், திண்டுக்கல்லையும் வேடசந்தூரையும் சூழ்ந்த நூற்பாலைகளும், தோல் பதனிடும் சாலைகளும், சிறு தொழிற்கூடங்களும் கைமாறுவதில் வியப்பில்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நிறுவனத்தை வாங்கியவர் எதனை வாங்கினார்? கட்டடத்தை வாங்கினார், இயந்திரத்தை வாங்கினார், வர வேண்டிய பணத்தையும் தர வேண்டிய கடனையும் ஏற்றார், நம் உழைப்புக்கான ஒப்பந்தத்தையும் அதன் வரம்புகளோடு ஏற்றார். நம் அணுவிரதங்கள் அவருடைய கிரயப் பத்திரத்தில் இல்லை. அவை முந்தைய முதலாளிக்கும் உரியவை அல்ல. ஆதலின் அவரால் விற்கப்படவும் இல்லை.

முதலில் நம்மை ஆராய்வோம்

புதிய உரிமையாளரின் குற்றத்தை ஆராயுமுன், நம்முள் எழும் கஷாயங்களை ஆராய்தல் கடன். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கும் இச்சூழலில் தவறாமல் தலைகாட்டும். ஆணையைக் கேட்டவுடன் சீறி விழுவது குரோதம். "இருபது ஆண்டு அனுபவம் உள்ள எனக்கு, நேற்று வந்தவர் சொல்வதா?" என்பது மானம். வாயால் இசைந்து, கையால் வேலையைக் கெடுப்பதும், நோயுற்றதாகப் பொய் விடுப்பு எடுப்பதும் மாயை. பதவி உயர்வை எண்ணித் தீயதற்கும் தலையசைப்பது லோபம். இந்நான்கினுள் எதனால் செலுத்தப்பட்டாலும் வினைகள் நம் உயிரிடத்தே ஊறும். முதலாளியின் கோரிக்கை முறையற்றதாயினும், நம் கஷாயத்தின் பயனை அவர் அனுபவிக்கப் போவதில்லை, நாமே அனுபவிப்போம்.

ஆகவே மனம் அடங்கிய பின், வந்த கோரிக்கையை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். புதியதாய் இருப்பது ஒன்று. மிகையாய் இருப்பது ஒன்று. பாவமாய் இருப்பது ஒன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பணிய வேண்டிய இடத்தில் எதிர்க்கிறோம். எதிர்க்க வேண்டிய இடத்தில் பணிகிறோம்.

புதியது

கையால் எழுதிய பேரேட்டுக்குப் பதிலாகக் கணினியில் கணக்கு எழுதச் சொல்வதும், நாள்தோறும் அறிக்கை கேட்பதும், வருகையைக் கைரேகையால் பதிவு செய்யச் சொல்வதும் நமக்கு உவப்பற்றவையாக இருக்கலாம். அவை முறையற்றவை ஆகா. பழகிய முறையின்மேல் உள்ள பற்று இராகம். பழகாததன்மேல் எழும் வெறுப்பு துவேஷம். இரண்டும் கட்டுகளே. இவ்விடத்தில் உத்தம மார்தவம் என்னும் பணிவே நமக்கு அணி. இளையவரிடமும் கேட்டுக் கற்பதில் இழிவில்லை. ஞானத்துக்கு விநயமே வாயில் என்பது பாடசாலைக்கு மட்டும் சொன்னதன்று.

மிகையானது

இரண்டாம் வகையைப் பற்றி நம் ஆகமம் வியப்புறும் அளவு தெளிவாகப் பேசுகின்றது. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாத சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. நான்காவதாகிய அதிபாராரோபணமும், ஐந்தாவதாகிய அன்னபான நிரோதமும் எருதுக்கும் வண்டிக்கும் மட்டும் உரியன என எண்ணலாகாது. மூவர் வேலையை ஒருவர்மேல் சுமத்துவதும் மிகைச் சுமையே. எண்ணிக்கை முடியும் வரை தையல் இயந்திரத்தை விட்டு எழாதே எனப் பெண்களை உண்ணவும் நீர் பருகவும் விடாமல் இருத்துவதும் அன்னபான நிரோதமே. குருதி சிந்தவில்லை என்பதனால் அது ஹிம்சை அன்று என்று ஆகிவிடாது.

"முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்வோம்" என்று கூறி அமைவோர் உளர். வந்த துன்பத்தை மனம் கலங்காமல் ஏற்பது வினையை உதிர்க்கும் என்பது மெய். ஆனால் பிறர் நம்மீதும் நம் உடன் உழைப்போர்மீதும் செய்யும் ஹிம்சையைக் கண்டும் வாய் மூடியிருத்தல் பொறுமை ஆகாது. நாம் வாய் மூடினால் அவருடைய பாவமும் வளர்கின்றது. மென்சொல்லால் தடுப்பது நமக்கு மட்டுமன்றி அவருக்கும் செய்யும் நன்மை.

தடுக்கும் முறை யாது? முதலில் வேண்டுகோள். இரவில் உண்ணா விரதம் பூண்ட ஒருவருக்குப் புதிய வேலைமுறையில் உணவு இடைவேளை இரவு எட்டு மணிக்கு வருகின்றது எனக் கொள்வோம். "ஐயா, என் வேலையில் ஒரு நிமிடமும் குறையாது. பொழுது சாயுமுன் இருபது நிமிடம் எனக்கு உணவுக்கு விடுங்கள், எல்லோரும் உண்ணும் வேளையில் நான் பணியில் நிற்பேன்" என்று கேட்கலாம். கோரிக்கையோடு மாற்று வழியையும் சேர்த்துக் கேட்டால், மறுப்பதற்கு ஒருவர் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். விரதத்தை எடுத்துச் சொல்ல நாணுபவர், அதனை விடுவதற்கு நாணாதவர் ஆகிவிடக் கூடும்.

வேண்டுகோள் பயன் தராவிடின் எழுத்து. இங்குத் தனதேவன் கதையை நினைவுகூர்வோம். வாய்மை அணுவிரதத்துக்குச் சான்றாக இரத்தினகரண்டக சிராவகாசாரம் பெயர் சுட்டும் வணிகன் அவன். தனதேவனும் ஜினதேவனும் ஆதாயத்தைச் சமமாகப் பகிர்வது எனச் சாட்சி எவருமின்றி வாய்ச்சொல்லால் உடன்பட்டு வாணிகம் செய்தனர். பெரும்பொருள் ஈட்டித் திரும்பியபின், ஜினதேவன் சொல் மாறினான். வழக்கு அரசனிடம் சென்று, தீயின் சோதனையில் தனதேவன் வாய்மை வென்றது. பாராட்டத்தக்க வாய்மைதான், ஆயினும் இன்று எந்த நீதிமன்றத்திலும் தீச்சோதனை இல்லை. பழைய முதலாளி வாய்ச்சொல்லாகத் தந்த உறுதிமொழிகளைப் புதியவர் அறியார். அறிந்தாலும் ஏற்கக் கடமைப்பட்டவர் எனக் காட்ட இயலாது. பணி ஆணை, ஊதியச் சீட்டு, விடுப்புக் கணக்கு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் விவரம் ஆகியவற்றைப் படியெடுத்து வைப்பது அவநம்பிக்கை அன்று. வாய்மைக்கு நாம் தேடி வைக்கும் சாட்சி. ஐவர்மலையில் கொடையைக் கல்லில் பொறித்தவர்களும் எதிர்காலத்தை எண்ணியே பொறித்தார்கள்.

நாட்டின் சட்டமும் இதில் துணை நிற்கின்றது. ஒரு தொழில் நிறுவனம் கைமாறும்போது, தொழிலாளரின் பணித்தொடர்ச்சி அறுபடாமலும் நிபந்தனைகள் முன்னையினும் குறையாமலும் இருத்தல் வேண்டும்; இன்றேல் அறிவிப்பும் இழப்பீடும் தரப்பட வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த நெறி. பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதும் அதில் அடங்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற எல்லையையும், மிகை நேரத்துக்கு இருமடங்கு ஊதியத்தையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் இந்நெறிகள் தொடர்கின்றன. மேலாளர் நிலையில் உள்ளோர்க்கு இப்பாதுகாப்புகள் பெரும்பாலும் பொருந்தா; அவர்கள் தம் பணி ஆணையின் வாசகங்களையே சார்ந்திருக்க வேண்டும். சட்டத்தின் வழியே உரிமை கேட்பது பகை அன்று. அரசு வகுத்த வரம்பை மீறுவதனையே கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் நூல் வைத்துள்ளது.

மூன்றாவது, கூடி நிற்றல். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொலையுண்டார். அத்துயரத்தின் பின்னர், உழைக்கும் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்னும் தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களோடும் பேசி, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் உடன்பாடு கண்டது. உலகோர் அதனைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என அழைக்கின்றனர். தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்று, வேலைத்தளத்தில் நிகழும் தொல்லைகளைக் கண்டு எடுத்துரைக்கவும், உரைத்தவர் பழிவாங்கப்படாதிருக்கவும் அது வழி செய்தது. தனி ஒருவர் மன்றாடினால் முறையீடு. பலர் கூடி அமைதியாக எழுதினால் உடன்படிக்கை. எளிய பெண்கள் ஓர் உயிரை இழந்தபின் கற்பித்த இப்பாடத்தைக் கற்றோராகிய நாம் அலட்சியம் செய்யலாகாது.

பாவமானது

மூன்றாம் வகையில் வேண்டுகோளுக்கும் பேரத்துக்கும் இடமில்லை. எது பாவம் என்பதிலும் நூல் நம்மை இருளில் விடவில்லை. பொய்ப் பத்திரம் எழுதுதல் கூடலேகக் கிரியை. அடைக்கலப் பொருளைக் கவர்தல் நியாசாபகாரம். குறைந்த அளவால் விற்றலும் கூடிய அளவால் வாங்குதலும் ஹீனாதிக மானோன்மானம். நல்லதைப் போலத் தோற்றும் போலியை விற்றல் பிரதிரூபக வியவகாரம். முதலிரண்டும் வாய்மைக்கும், பின்னிரண்டும் கள்ளாமைக்கும் அதிசாரங்கள்.

இவற்றை இன்றைய ஆலைக்குள் கொண்டு சென்று பார்ப்போம். நாற்பதாம் கவுண்ட் நூலை அறுபதாம் கவுண்ட் எனச் சீட்டு ஒட்டச் சொன்னால் அது பிரதிரூபகம். தொழிலாளர் ஊதியத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தாமல் வேறு செலவுக்குத் திருப்பச் சொன்னால் அது நியாசாபகாரம். அப்பணம் ஏழையின் முதுமைக்கான அடைக்கலப் பொருள். தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் நிலமும் நீரும் கெட்டதனைக் குறித்து 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதில் திண்டுக்கல்லின் சாலைகளும் அடங்கியிருந்தன. கழிவு நீரைத் தூய்மை செய்யாமலே செய்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னால் அது கூடலேகம் மட்டுமன்று. அந்நீரைப் பருகும் எண்ணிறந்த உயிர்களுக்குச் செய்யும் ஹிம்சை. "முதலாளி சொன்னார், நான் எழுதினேன்" என்பது வினையின் கணக்கில் விடை ஆகாது. செய்தலும், செய்வித்தலும், உடன்படுதலும் பாவமே என்பது நம் பாலபாடம்.

கொல்லாமைக்குச் சான்றாகச் சொல்லப்படும் யமபாலன் கதையை இவ்விடத்தில் கூர்ந்து நோக்குவோம். போதனபுரத்து மகாபல மன்னனிடம் கொலைத் தண்டனை நிறைவேற்றும் பணியாளன் அவன். சதுர்த்தசி நாளில் உயிர்க்கொலை செய்யேன் என்பது அவன் பூண்ட ஒரே விரதம். நந்தீசுவர விரத நாட்களில் உயிர்க்கொலை கூடாதென்ற ஆணையை மீறி ஆட்டைக் கொன்ற தன் மகனுக்கே மன்னன் மரண தண்டனை விதித்தான், அந்நாள் சதுர்த்தசி. காவலர் வருவதைக் கண்ட யமபாலன் வீட்டினுள் ஒளிந்து, தான் ஊருக்குப் போனதாகச் சொல்லுமாறு மனைவியிடம் கூறினான். கொல்லப்படுவோனின் அணிகலன்கள் கைதவறிப் போகுமே என்ற ஆசையால் அவள் கையால் அவன் இருக்குமிடத்தைக் காட்டிவிட்டாள். அதன்பின் அவன் மன்னன்முன் சென்று, "இன்று சதுர்த்தசி, இன்று கொல்லேன்" என்றான். சினந்த மன்னன் அவனையும் இளவரசனையும் முதலைகள் வாழும் நீர்நிலையில் எறியச் செய்தான். விரதத்தின் பெருமையால் தேவர்கள் யமபாலனைக் காத்துச் சிறப்பித்தனர் என்பது கதை.

இதில் நாம் கருத வேண்டியவை மூன்று. மறுத்தவன் செல்வனோ கற்றவனோ அல்லன், கடைநிலைப் பணியாளன். அவன் அரசனை இகழவும் இல்லை. பணியையே துறப்பேன் என அச்சுறுத்தவும் இல்லை. செய்ய இயலாத ஒன்றை மட்டும் சுட்டி மறுத்தான். மேலும், அவன் ஒளிந்ததும் பொய்க்காரணம் தேடியதும் அவனைக் காக்கவில்லை. வெளிப்பட்டு உண்மையைச் சொன்னதே காத்தது. நாமும் தீய கோரிக்கை வரும்போது விடுப்பில் ஒளிவதையும், நாள் கடத்துவதையும் விட்டு, "ஐயா, மற்ற வேலை அனைத்தும் செய்கிறேன், இதில் மட்டும் கையெழுத்திட என் அறம் இடந்தராது" எனத் தாழ்ந்த குரலில் தெளிவாகச் சொல்லுதல் நன்று.

இன்று தேவர்கள் இறங்கி வந்து வேலையைக் காப்பர் என நாம் உறுதி கூறோம். வேலை போகலாம். ஊதியம் நிற்கலாம். அது எளிய இழப்பு அன்று. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் அறவுரை கேட்டு நிற்பதில்லை. அதனால்தான் மறுப்பதற்கான வலிமையை மறுக்கும் நாளில் தேடலாகாது.

வலிமை பிறக்கும் இடம்

அவ்வலிமை இல்லத்தில் பிறக்கின்றது. ஐந்தாம் அணுவிரதமாகிய பரிக்கிரகப் பரிமாணம், பொருளுக்கு எல்லை வகுத்தல், இங்கேதான் தன் பயனைக் காட்டுகின்றது. ஊதியத்தின் பெரும்பகுதியைக் கடன் தவணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர், முதலாளியிடம் "இயலாது" என்னும் ஒரு சொல்லை முன்னரே விற்றுவிட்டவர் ஆவார். ஆறு மாதம் அடுப்பெரியும் அளவுக்குச் சேமிப்பும், வேண்டாதவற்றை வாங்காத மனமும் உள்ள குடும்பத்தில், மகனோ மகளோ தீயதற்குத் தலை வணங்க வேண்டிய தேவை எழுவதில்லை. விரதங்கள் தனித்தனி அல்ல. ஐந்தாவது விரதம் தளர்ந்தால் முதல் மூன்றும் ஆட்டம் காணும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வேலையில் இடர்ப்படும் பிள்ளை வாய் திறக்கும்போது, "ஊரில் என்ன சொல்வார்கள்? திருமணப் பேச்சு நடக்கிறதே!" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். யமபாலனைக் காட்டிக் கொடுத்தது பகைவன் கை அன்று. அவன் இல்லாளின் கை. அறத்தின் பொருட்டு வேலையை இழந்தவரை நம் சமூகம் இரங்கி ஒதுக்காமல் மதித்து ஏற்று, வேறு வேலை தேடித் தருதல் சாதர்மிக வாத்சல்யம். ஜினாலயத்தில் கூடும்போது அதற்கும் சிறிது நேரம் ஒதுக்குவோம்.

இறுதியாக, நாமும் எங்கோ ஒருவருக்கு முதலாளி. கடையில் ஓர் ஆள், கழனியில் சிலர், வீட்டில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மையார் நம்மிடம் ஊதியம் பெறுகின்றனர். விருந்தினர் வந்த நாளில் அவர் வேலை இரு மடங்கானபோது ஊதியமும் கூடிற்றா? பசித்த வேளையில் அவருக்கு உணவு கிடைத்ததா? பிறர் நம்மேல் ஏற்றும் சுமையை அளக்கும் அதே தராசில், நாம் பிறர்மேல் ஏற்றும் சுமையையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அதிபாராரோபணம் என்ற சொல்லை ஆகமம் எழுதியது நம் முதலாளிகளைக் குற்றம் சாட்டுவதற்கு அன்று. சிராவகர்களாகிய நம்மைக் காப்பதற்கு.

புதியதைக் கற்போம், மிகையை மென்சொல்லாலும் முறையாலும் தடுப்போம், பாவத்தை அஞ்சாமல் மறுப்போம். மறுத்தபின் எவர்மீதும் பகை கொள்ளாது, எல்லா உயிர்களிடத்தும் நட்புப் பூண்டு, உத்தம க்ஷமையோடு நம் வழி செல்வோம். ஊதியம் தருபவர் மாறுவர். உயிரோடு இறுதிவரை வருவது தான் செய்த வினை ஒன்றே.

அருகன் திருவருளால் அனைவரும் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் பொலிய வாழ்க! அறம் வளர்க!